‘பார்க்கலாம்’ என்றொரு தீர்ப்பு

ஜூன் 3

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. கடைசியாக நாம் போனில் பேசியதெல்லாம் எப்படி முடிந்தது என்று யோசித்துப் பார். நீ “சரி, வெக்கிறேன்” என்பாய். நான் “வை, வை” என்பேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அப்பாதான் நமக்கு நடுவில் தூது போவார். எழுதினால் ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி நடுவில் புக முடியாது. உனக்கும் நல்லது, எனக்கு அதைவிட நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த உறைக்குள் ஒரு கத்தைக் காகிதம் இருக்கிறது. உன் ஆபீஸுக்கு வருகிறவர்களின் மார்க்கையும் கட்டுரையையும் வேலை அனுபவத்தையும் பார்த்து, இந்த பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைக்கும், இதில் கிடைக்காது என்று சொல்வதுதானே உன் வேலை? அதே மாதிரி இதையும் பார்த்துச் சொல். இதெல்லாம் என்னுடையது. எந்தக் கல்லூரி என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. சிரிக்காதே. ஆமாம், எல்லோரும் முட்டி மோதுகிற அதேதான். வேலை பார்த்து அனுபவம் உள்ளவர்களுக்கு அவர்கள் நடத்தும் ஒரு வருடப் படிப்பு.

இந்த வயதில் என்ன திடீர் ஆசை என்று கேட்பாய். நான்கைந்து மாதம் முன்பு எங்கள் பஸ் டெப்போவில் போக்குவரத்து மேலாளர் பதவி காலியானது. எந்த வண்டி எப்போது கிளம்புவது, எந்த டிரைவர் எதில் ஏறுவது என்று அட்டவணை போடுகிறவள் நான். எனக்குத்தான் வரும் என்று டெப்போவே சொன்னது. கேன்டீன்காரர் முன்கூட்டியே ஒரு டீ இலவசமாகக் கொடுத்துவிட்டார். கடைசியில் பதவி, நான் வேலை பழக்கிவிட்ட ஒருவருக்குப் போனது. கெட்ட மனிதர் இல்லை. கெட்டிக்காரர். நான் வருடக்கணக்காகச் செய்கிற வேலையை அவர் மேலிடத்து மீட்டிங்கில் கால் மணி நேரத்தில் விளக்கிவிட்டார். நானும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். நான் செய்வது இவ்வளவு பெரிய வேலையா என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாஷை எனக்கும் வேண்டும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நுழைவுத் தேர்வுக்குப் போன அன்று பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். பாவம், இரண்டு நாள் என்னைச் சூடாக ஒன்றும் சாப்பிட விடவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அக்கா என்று பார்க்காதே. வழியில் போகிற யாரோ ஒருத்தி என்று நினைத்துக்கொள். பூசி மெழுகாமல் சொல்.

அக்கா

*

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

பூசி மெழுகாதே என்றாய். சரி. இதை ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் உட்கார்ந்தால் தங்கை எழுதிவிடுவாள்.

நல்லதை முதலில் சொல்கிறேன். தேர்வில் நல்ல மதிப்பெண். மொழிப் பகுதியில் பிரமாதம், கணக்கில் நடுத்தரம். பஸ் அட்டவணை போடுகிறவள் கணக்கில் நடுத்தரமா என்று படிக்கிறவர்கள் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள். உன் வேலை அனுபவம் பெரிய பலம். பாங்கிலிருந்தும் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்தும் கும்பல் கும்பலாக விண்ணப்பம் வரும், எல்லாம் ஒரே அச்சு. டெப்போவிலிருந்து ஒருத்தி வருகிறாள் என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது மற்றது. உன் பட்டம் தபால் வழியில் வாங்கியது, அதுவும் சுமார். வயது மற்றவர்களைவிடக் கூட. பழைய மேலாளர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் “நேரம் தவறாதவர், நம்பகமானவர்” என்று எழுதியிருக்கிறார். அக்கா, இது ஒரு நல்ல கைக்கடிகாரத்துக்குக் கொடுக்க வேண்டிய சான்றிதழ்.

எல்லாவற்றையும்விட மோசம் உன் கட்டுரை. ஆற்றுப் பாலத்தை ரிப்பேருக்காகத் திடீரென்று மூடியபோது, ஊரின் பஸ் எல்லாவற்றையும் நீ வேறு வழியில் திருப்பிவிட்ட கதை. கதை அருமை. ஆனால் முழுக்க “நாங்கள் யோசித்தோம், நாங்கள் முடிவெடுத்தோம், நாங்கள் மாற்றினோம்”. ஒரு இடத்திலாவது “நான்” வருகிறதா என்று தேடினேன். வந்தது, கடைசி வரியில், “நான் நன்றியுடன் இருக்கிறேன்” என்று. படிக்கிறவருக்கு நீ அந்த அறையில் இருந்தாயா என்பதே சந்தேகம். டீ வாங்கப் போயிருந்தாயோ என்று நினைப்பார்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரே வார்த்தையில் முடிவு எழுதுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். என் முடிவு: பார்க்கலாம்.

முதல் சுற்று விண்ணப்பம் ஜூலை கடைசியில் முடிகிறது. இன்னும் கொஞ்சம் விவரமாக எழுத நினைத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருக்கிறது, மகனுக்குக் காய்ச்சலாம். கிளம்புகிறேன்.

சின்னவள்

*

ஆகஸ்ட் 6

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். பிள்ளைக்கு இப்போது உடம்பு தேவலையா? அப்பா தினமும் கேட்கிறார்.

நீ சிரமப்பட்டுப் படித்ததற்கு நன்றி. காகிதங்களை அலமாரியின் மேல் போட்டுவிட்டேன். முதல் சுற்று போன வாரம் முடிந்தது. நான் அனுப்பவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம்தான். கட்டுரையைக் கிண்டல் செய்ததற்கு இல்லை. டீ வாங்கப் போன இடத்தைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். “வேண்டாம், உனக்கு ஒத்துவராது” என்று நீ முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால்கூட இரண்டு நாள் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீயோ அப்பா குரலில் சொல்லிவிட்டாய்.

பார்க்கலாம்! நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? சைக்கிள் கேட்டோம், பார்க்கலாம் என்றார். நாய்க்குட்டி கேட்டோம், பார்க்கலாம். பள்ளியில் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், பார்க்கலாம். நம் இரண்டு பேரைத் தவிர பள்ளிக்கூடமே போய்விட்டு வந்து மணலைக் காட்டியது. அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த மனிதர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இன்னொரு பிரேக்கை மிதித்தே பழகியவர். வீட்டுக்கு வந்தும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பள்ளி முடித்ததும் வெளியூர்க் கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்டேன். கையில் அனுமதிக் கடிதத்தோடு கேட்டேன். பார்க்கலாம் என்றார். ஒரு மாதம் பார்த்தேன். பிறகு டெப்போவில் டிக்கெட் கணக்கு எழுத ஆள் எடுத்தார்கள், போய்ச் சேர்ந்துவிட்டேன். அதே வீட்டில், அதே பாயில் பக்கத்தில் படுத்திருந்தவள் நீ. ஊரில் இருக்கிற அத்தனை வார்த்தையையும் விட்டுவிட்டு அதை எடுத்து எனக்கு எழுதியிருக்கிறாய்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. நான் படிக்கப் போனால் அப்பா உன் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும். அம்மா போன பிறகு அவர் ஒரு வாரம்கூடத் தனியாக இருந்ததில்லை. கூட்டிக் கழித்தேன் என்கிறாயே, அதில் அதையும் கழித்துவிட்டாயோ என்று தோன்றியது. இதை எழுதியிருக்கக் கூடாது. கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிடுகிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 10

அக்கா, அக்கா, அக்கா!

உன் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும். இரண்டாவது குட்டு என் தலையில்.

உன் கடிதத்தை பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். பஸ் வந்தது, போனது. எனக்குத் தெரியவே இல்லை. ஆபீஸில் இத்தனை வருடமாக அந்த வார்த்தையை வேறு அர்த்தத்தில் பழகிப் பழகி, அது அப்பாவின் வார்த்தை என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. கேட்டுக்கொள். எங்கள் ஆபீஸில் நிச்சயம், வாய்ப்பு உண்டு, சிரமம், வேண்டாம் என்று நான்கு முடிவுகள் உண்டு. பெரும்பாலானவர்கள் இதில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கிவிடுவார்கள். அடங்காத ஆள் எப்போதாவது வருவார். காகிதத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆளை நேரில் உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றும். எங்கள் முதலாளி முன்பு ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு நடத்தியவர். அப்படிப்பட்டவர்களுக்கென்று அவர் வைத்த வார்த்தைதான் ‘பார்க்கலாம்’. இவரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று அர்த்தம். அதை எழுதினால் மீட்டிங்கில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு யாரும் எழுத மாட்டார்கள். இந்த வருடம் நான் எழுதியது உனக்கு மட்டும்தான்.

அதை விளக்க இருந்தபோதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் எழுதலாம் என்று விட்டேன். நீ விண்ணப்பம் அனுப்பும் மும்முரத்தில் இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்தேன் பார், அதற்குத்தான் எனக்கு அந்தக் குட்டு.

அப்பா விஷயம். படித்ததும் கோபம் வந்தது. காகிதத்தைக் கசக்கி, பிறகு நீவிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் காகிதங்களை முதலில் பிரித்த அன்று அந்த நினைப்பு வந்தது. எங்கள் வீட்டில் அவருக்கு எந்த அறை, மாடிப்படியில் அவர் முழங்கால் என்ன ஆகும், என் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று ஓடியது. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்று தெரிந்ததால்தான் ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். மதிப்பீட்டில் அது இல்லை. நீ நம்பினால் நம்பு.

இரண்டாவது சுற்று செப்டம்பரில். அதில் இடம் குறைவு, போட்டி கூட. முதல் சுற்றில் உனக்குப் பாதிக்குப் பாதி என்று நினைத்தேன். இப்போது பத்துக்கு மூன்று என்பேன். பூசி மெழுகவில்லை. அலமாரியிலிருந்து இறக்கு அக்கா. தூசி தட்டி அனுப்பு.

சின்னவள்

*

செப்டம்பர் 14

அன்புள்ள ஜட்ஜம்மாவுக்கு,

இறக்கிவிட்டேன். தூசியும் தட்டினேன். மூன்று நாள் தும்மல்.

அப்பா விஷயத்தில் நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ ஒப்புக்கொண்டது எனக்கு ஒரு மாதிரி நிம்மதியாக இருந்தது. அந்த நினைப்பு வரவே இல்லை என்று நீ எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

புதிய பரிந்துரைக் கடிதத்துக்கு யாரிடம் போவது? பழையவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். மிச்சம் இருந்தது புது மேலாளர்தான். என் பதவியில் உட்கார்ந்தவரிடமே போய்க் கேட்க வேண்டும். இரண்டு நாள் அவர் அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். மூன்றாவது நாள் அவரே கூப்பிட்டார்.

“மேடம், என்ன விஷயம்? வந்து வந்து பாத்துட்டுப் போறீங்க. ஏதாவது வண்டி இடிச்சிடுச்சா?”

“அதெல்லாம் இல்ல சார். எனக்கு ஒரு கடிதம் வேணும்.”

“ராஜினாமாவா?” மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. “மேடம், நீங்க போயிட்டா நான் மாட்டிக்குவேன்.”

சொன்னேன். பேனா மூடியைக் கடித்தார். “நான் எழுதுறேன். ஆனா உண்மையத்தான் எழுதுவேன், பரவாயில்லையா?” என்றார். அடுத்த நாள் காட்டினார். பாலம் மூடிய அன்று யார் என்ன செய்தார்கள் என்று எழுதியிருந்தார். அன்று அவர் ஒரு மூலையில் புதிதாக நின்றுகொண்டிருந்தவர். நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சுவரில் இருந்த பெரிய வரைபடத்தின் மேலேயே கலர் பென்சிலால் கோடு போட்டேனாம். யாரோ தடுத்ததற்கு, “வரைபடம் போனா வேற வாங்கிக்கலாம், பஸ் வரலன்னா ஜனங்க எங்க போவாங்க?” என்று கத்தினேனாம். எனக்கு நினைவே இல்லை. கோடு போட்டது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டதும் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு கட்டுரையை மாற்றி எழுதினேன். “நான்” போட்டேன். ஒவ்வொரு தடவையும் கை கூசியது. வண்டிகளை ஓட்டியவர்கள் டிரைவர்கள், திருப்பத்தில் நின்று கை காட்டியவர்கள் கண்டக்டர்கள், நான் என்ன செய்தேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் அவர்கள் செய்ததை அவர்கள் என்றும், நான் செய்ததை நான் என்றும் எழுதினேன். அப்படிப் பிரித்த பிறகுதான் படிக்க நன்றாக வந்தது.

நேற்று அனுப்பிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இடம் கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம்.

அக்கா

*

அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நீ அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்து ஆபீஸில் கத்திவிட்டேன். எல்லோரும் எனக்குப் பிரமோஷன் என்று நினைத்துக் கை கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மறைக்கவில்லை. எங்கள் ஆபீஸில் சொந்தக்காரர்களை மதிப்பிடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. நான் உன்னுடையதைச் செய்தது முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. காகிதத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவரிடம் கொடுத்தார். எங்களில் மூத்தவர் அவர், பெரும்பாலும் தப்பு செய்யாதவர். நீ எனக்கு அனுப்பிய புதிய கட்டுரையைத்தான் படித்தார். அவர் முடிவு: வேண்டாம்.

நான் சண்டைக்குப் போனேன். அவர் அமைதியாகச் சொன்னார், “கட்டுரை நல்லா இருக்கும்மா. ஆனா இந்தப் பொண்ணுக்குத் தன் வேலைக்கு வெளிய என்ன நடக்குதுன்னு தெரியல. இன்டர்வியூல கேள்வி அங்கதான் வரும்.”

உன்னைத் தெரிந்ததால் நான் பார்க்கலாம் என்றேன். தெரியாததால் அவர் வேண்டாம் என்றார். இரண்டில் எது சரியான மதிப்பீடு என்று எனக்கு இப்போது உண்மையாகவே குழப்பமாக இருக்கிறது அக்கா. கல்லூரிக்காரர்கள் கூப்பிட்டுவிட்டார்கள் என்பது என் பக்கம் ஒரு புள்ளி. அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்.

இதைச் சொன்னதால் உனக்குக் கை கால் உதறினால் என்னைத் திட்டு. போனில் வேண்டுமானாலும் திட்டு, நடுவில் பேச மாட்டேன். நீல நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு போ. அதில்தான் நீ அதட்டாமலே அதட்டுவது போல இருப்பாய்.

சின்னவள்

*

நவம்பர் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

போய்விட்டு வந்தேன். திட்ட ஒன்றுமில்லை. நீ மறைத்திருந்தால்தான் திட்டியிருப்பேன்.

முதலில் அப்பாவைச் சொல்லிவிடுகிறேன். நேர்முகத்துக்கான கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். உறையில் கல்லூரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் வந்ததும் நீட்டினார்.

“வேலைக்கா?”

“படிக்கப்பா.”

உறையைத் திரும்பவும் பார்த்தார். “அப்ப உன் பல்லு நல்லாத்தான் இருக்கா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தேர்வு, விண்ணப்பம், எல்லாவற்றையும் சொன்னேன். “கிடைக்குமோ கிடைக்காதோ தெரியலப்பா. கிடைச்சாலும் உங்கள விட்டுட்டு எப்படிப் போறது?” என்றேன். அவ்வளவுதான், மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா இறந்த பிறகு அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“போறதுன்னா போ. போகலன்னா பிடிக்கலன்னு சொல்லு. என்னைக் காரணமா சொல்லாதே. போன தடவையும் அப்பா விடலன்னு எல்லார்கிட்டயும் சொன்னே. நான் விடலன்னு எப்ப சொன்னேன்?”

“பாக்கலாம்னு சொன்னீங்க.”

“ஆமா, பாக்கலாம்னு சொன்னேன். ஹாஸ்டலுக்கு யாரைக் கேக்கலாம், என்ன பண்ணலாம்னு பாத்துட்டுதான் இருந்தேன். ஒரு மாசத்துல நீயே வேலைல சேந்துட்டு வந்து நின்னே. ரெண்டாவது தடவை நீ கேக்கவே இல்லையே.”

அவர் சொல்வது உண்மையா, இத்தனை வருடத்தில் தனக்குச் சௌகரியமாக மாற்றிக்கொண்டுவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. துருவிக் கேட்கவும் மனம் வரவில்லை. ஆனால் நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை என்பது சத்தியம். உன் கடிதத்துக்கும் அப்படித்தானே செய்தேன்? ஒரு போன் போட்டு, “ஏய், அப்படின்னா என்ன?” என்று கேட்டிருந்தால் முதல் சுற்றிலேயே போயிருக்கும்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மேடம், “இந்த வயதில் படித்துவிட்டு எத்தனை வருடம் வேலை பார்ப்பீர்கள்?” என்று கேட்டார். “நீங்க எவ்வளவு சீக்கிரம் சேத்துக்கிறீங்களோ அவ்வளவு கூடுதலா பாப்பேன்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. பாலத்தைப் பற்றி நிறையக் கேட்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஓரமாக இருந்தவர், சுற்றுவழியில் ஓட்டியதில் டீசல் எவ்வளவு கூடுதலாகச் செலவானது, அதை எந்தக் கணக்கில் ஈடுகட்டினீர்கள் என்றார். “அது வேற பிரிவு, எனக்குத் தெரியாது” என்றேன். சொன்ன உடனே உன் ஆபீஸ் மூத்தவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்டவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்.

நன்றாகச் செய்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. ஆனால் வெளியே வந்து அந்தப் புல்வெளி ஓரமாக நடந்தபோது, இங்கே எனக்கு இருக்க வேண்டும்போல இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். இவ்வளவு ஆசை எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது.

அக்கா

*

நவம்பர் 27

அக்கா,

முடிவு திங்கட்கிழமை வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களில் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. அப்பாவைக் கூப்பிட்டால், “அவ டூட்டிக்குப் போயிருக்கா, நல்லா இருக்கா, நீ சாப்டியா?” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு வேகமாக வைக்கிறார்.

கிடைக்கவில்லை என்றால் அது உன் தப்பு இல்லை. முதல் சுற்றில் அனுப்பியிருந்தால் பாதிக்குப் பாதி என்று நான் எழுதினேனே, அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. ஒரு வார்த்தையைச் சோம்பேறித்தனமாக எழுதி உன் ஒரு வருடத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஊரில் யார் யாருக்கோ வாய்ப்பு சொல்லத் தெரிகிறது, சொந்த அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சின்னவள்

*

டிசம்பர் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

கிடைக்கவில்லை.

வண்டி கழுவுகிற இடத்தில் நின்றபடி போனில் பார்த்தேன். “வருந்துகிறோம்” என்று ஆரம்பித்ததும் மீதியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு காலி பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். கழுவுகிறவர் வெளியிலிருந்து ஜன்னலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே பார்த்தார். பிறகு அந்த ஜன்னலுக்கு மட்டும் சோப்பை நிறையப் பூசிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். யாரும் என்னைப் பார்க்காமல் இருக்கட்டும் என்றுதான் செய்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தடவை எழுத வருகிறது பார். டீசல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. முதல் சுற்றில் போயிருந்தாலும் அந்த மனிதர் அதையேதான் கேட்டிருப்பார். நீ தூங்கு.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. புது மேலாளர் பரிந்துரை எழுதும்போதே, “ஒரே இடத்துக்குப் போடாதீங்க மேடம். நான் இதே படிப்புக்கு ரெண்டு இடத்துல தோத்துட்டு மூணாவதுலதான் சேந்தேன்” என்று சொல்லியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு இன்னொரு கல்லூரிக்கும் அனுப்பியிருந்தேன். சின்னக் கல்லூரி இல்லை, அங்கேயும் இதே அடிதடிதான். உன்னிடம் சொன்னால் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவாய். நான் அதைப் பத்துத் தடவை படித்துவிட்டு அலமாரி மேல் ஏற்றிவிடுவேன். அதனால்தான் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு வரச் சொல்லி முந்தாநாள் அங்கிருந்து தகவல் வந்தது. அன்றிலிருந்து கணக்குப் பிரிவில் இருக்கிற மேடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பாலம் மூடிய மாதத்து டீசல் கணக்கை அவர் எடுத்துக் காட்டினார். தலை சுற்றிவிட்டது. நான் போட்ட கோட்டில் ஒன்று தேவையே இல்லாத சுற்று. அந்த ஒரு கோட்டால் எவ்வளவு வீண் என்று இப்போது என்னால் யார் கேட்டாலும் சொல்ல முடியும். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

தயவுசெய்து இதற்கு மதிப்பீடு போடாதே. மனதுக்குள் போட்டுக்கொண்டால் வெளியே சொல்லாதே. எனக்கு உன்னிடமிருந்து வேறு ஒன்று வேண்டும். அடுத்த வாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நான்கு நாள் அப்பாவோடு இரு. தனியாக இருந்துகொள்வேன் என்று அவர் வீராப்பு பேசுகிறார். ஆனாலும் மாத்திரையை அவர் விழுங்கும்வரை யாராவது எதிரில் நிற்க வேண்டும். நின்றால் திட்டுவார், அதைக் கண்டுகொள்ளாதே.

வரும்போது சக்கரம் வைத்த உன் பெட்டியை எடுத்துக்கொண்டு வா. சின்னது வேண்டாம், உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பெரியதைக் கொண்டு வா. ஒரு நாள் நேர்முகத்துக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்று கேட்பாய். இதற்கு அது வேண்டாம்தான். அது இங்கேயே என் அறையில் தயாராக இருக்கட்டும்.

அக்கா